ஞானரத்தினத்தின் வயிற்றுநோய்

ராஜபாளையத்தில் மில்காரர்கள் குடியிருந்த ஒரு தெருவின் கோடியில் சி.எஸ்.ஐ. கோயில் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முடிகிறவரை பாதிச் சபை தூங்கி விழும். உபதேசியார் ஜெபதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்தோத்திரச் சீட்டுகளைக் கையில் எடுத்ததும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டில் ஒரு நல்லது நடந்தால் கோழியோ, முருங்கைக்காயோ, ஒரு படி அரிசியோ காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பது அங்கே வழக்கம். கூடவே என்ன காரணம் என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். காரணம் எழுதாத சீட்டை ஜெபதுரை வாசிக்க மாட்டார். காரணம் எழுதிய சீட்டை வாசிக்காமல் விடவும் மாட்டார். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யார் மகன் மூன்றாம் தடவை எழுதிப் பத்தாம் வகுப்பு தேறினான், யாருக்கு மூலக் கட்டி கரைந்தது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவது இப்படித்தான். வாசலில் நின்ற வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் வேறு கட்டியிருந்தார்கள். அதனால் கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத இந்துக் குடும்பங்களுக்கும் சேதி பிந்தாமல் போய்விடும்.

1983ஆம் வருஷக் கடைசியில் கிருபாபாய் ஒரு வெடைக்கோழியைக் கொண்டுவந்து வைத்தாள். சீட்டில் இப்படி எழுதியிருந்தாள்: “என் கணவர் ஞானரத்தினத்தைக் கொடிய வயிற்றுநோயிலிருந்து விடுவித்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.” ஜெபதுரை அதை வாசித்தார். சபை ஆமென் என்றது. ஞானரத்தினத்துக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அது.

அவர் ஒரு நூல் மில்லில் பிட்டர். ரிங் பிரேம் என்று ஒரு வீட்டு நீளத்துக்கு நூல் சுற்றுகிற மிஷின்கள் உண்டே, அவை அவர் பொறுப்பு. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஞானரத்தினம் போகிற போக்கில் நின்று, “ஏழாம் நம்பர்ல ஒரு பேரிங் போகப்போகுது” என்பார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். அந்தக் காதுக்கு மில்லில் ஒரு தனி மரியாதை இருந்தது.

1983 சித்திரையில் அந்தக் காதில் வேறு சத்தமும் விழத் தொடங்கியது. மிஷின்கள் அவரைப் பேர் சொல்லி ஏசின. அவர் குடும்பத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசின. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். ஒரு நாள் பகல் ஷிப்டில் ஓடுகிற மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனார். சூப்பர்வைசர் நல்ல மனிதர். உடம்பு சரியில்லை என்று லீவு எழுதி, விஷயம் வெளியே போகாமல் ஆள் துணையோடு வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் அறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சோற்றில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று தொடவில்லை. குளிக்கவில்லை. நாலு வயது மகள் ஜாஸ்மின் கிட்டே போனால், “நீ யாரு அனுப்பி வந்த?” என்று கேட்டார்.

கிருபாபாய் பார்க்காத வைத்தியம் இல்லை. ஜெபக்காரர் ஒருவர் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். இன்னொருவர் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். ஏற்கெனவே பட்டினி கிடக்கிற மனிதருக்கு உபவாசம் சொன்ன புண்ணியவான் அவர். கடைசியில் சபைக்குத் தெரியாமல் ஒரு விடியற்காலையில் கணவரை அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் விழும்படி நிறுத்தினாள். அங்கே முக்காடு போட்டுக்கொண்டு நின்ற இன்னொரு சபைக்காரியைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய அக்கா ஏசம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். சேதி கேட்டு வந்தவள், தங்கை புருஷனைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள்.

“ஏட்டி, இது பேயுமில்ல, நீ செஞ்ச பாவமுமில்ல. இது வியாதி. மதுரை பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே தனியா டாக்டர் இருக்காக. கெளம்பு.”

மூன்று மாதம் அக்கா வீட்டிலேயே தங்கி மதுரைக்குப் போய் வந்தார்கள். மாத்திரை தொடங்கிய முதல் வாரம் ஞானரத்தினத்துக்குக் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. நாக்கு வெளியே தள்ளி, கண் மேலே செருகியது. கிருபாபாய் பயத்தில் செத்தே போனாள். ஒரு ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் கழுத்து நேரானது. அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று டாக்டர் சொல்லி, அது வராமலிருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றாவது மாதம் அவர் தட்டைத் தானே இழுத்துவைத்துச் சாப்பிட்டார். மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

தெருவுக்குத் திரும்பி வந்தபோது துரும்பாக இளைத்திருந்தார். என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த கிருபாபாய்க்கு ஒரு பதிலும் கிடைத்திருக்கவில்லை. எதிர்வீட்டு வெள்ளத்தாய்தான் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவைத்தாள்.

“என்ன மதினி, அண்ணன் இப்படி உருகிட்டாக. வயிறா?”

“ஆமா, வயிறுதான்” என்றாள் கிருபாபாய்.

அதைப் பொய் என்று சொன்னால் பொய்தான். ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கிறுக்கு வீடு என்று பேர். அந்த வீட்டில் யாருக்கோ புத்தி பேதலித்து, அந்த ஆள் செத்தும் இருபது வருஷம் ஆகிவிட்டது. வீடு இரண்டு கை மாறி, இப்போது வ. புதுப்பட்டியிலிருந்து வந்த யாரோ குடியிருக்கிறார்கள். இன்றைக்கும் தபால்காரர் அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி சொல்கிறார். கிருபாபாய் வீட்டுக்கு அந்தப் பேர் வர வேண்டாம் என்று நினைத்தாள். அதற்காகத்தான் கோழியும் சீட்டும்.

அன்று தொடங்கியது வயிற்றுநோயின் ஆட்சி. சபையே சேர்ந்து ஞானரத்தினத்தின் வயிற்றைக் காப்பாற்றப் புறப்பட்டது. ஒரு வீட்டிலிருந்து மணத்தக்காளிக் கீரை வரும், ஒரு வீட்டிலிருந்து இளநீர் வரும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், “அண்ணாச்சிக்குக் காரம் வைக்காதிய” என்று நாலு பேர் ஓடி வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் சபையார் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற அசன விருந்தில் ஊரே கறிக்குழம்பில் கையை நனைக்கும்போது, அவர் இலையில் மட்டும் தயிர்ச்சோறு விழும். கறிக்குழம்பு என்றால் உயிரை விடுகிற மனிதர். ஒன்பது அசனத்துக்கு ஒன்பது தயிர்ச்சோறு தின்றார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, “இன்னைக்குக் குழம்புல மல்லி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கான், வாசத்துலயே தெரிஞ்சிட்டு” என்று மட்டும் சொல்வார்.

மருந்தினால் கை நடுங்கும். அதற்கும் வயிறுதான் காரணம் என்றார்கள். மருந்தினால் நாக்கு உலரும். வயிற்றுச் சூடு என்றார்கள். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். மழையோ, பஸ் ஸ்டிரைக்கோ, ஒரு செவ்வாய்கூடத் தவறியதில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்து கிருபாபாய்க்கு மலைப்பாக இருக்கும். அவளால் மூன்று நாள் இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்க முடியாது. நோய் அடியோடு போய்விட்டது என்றே அவள் நம்பினாள். அவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

இப்படி ஒன்பது வருஷம் ஓடியது.

1992 பங்குனியில் வெள்ளத்தாயின் புருஷன் ஐயாதுரைக்கு நிஜமாகவே வயிற்றுப்புண் வந்தது. அவரும் அதே மில்லில் வேலை பார்த்தவர். சாப்பிட்டால் எரிச்சல், சாப்பிடாவிட்டால் வலி. வெள்ளத்தாய் இயல்பாக எதிர்வீட்டுக்குத்தான் வந்தாள்.

“மதினி, அண்ணன் சாப்பிடுதாகளே மதுரை மாத்திரை, அதுல நாலு குடுங்க. ஒம்பது வருஷமா அவுகளுக்குக் கேக்குதுல்லா.”

கிருபாபாய் டப்பா இருந்த மாடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். “ஆளுக்கு ஆள் மாத்திரை மாறும் வெள்ளத்தாயி. டாக்டரைப் பாக்காம குடுக்கக் கூடாது.”

“உங்க வீட்டு மாத்திரை என்ன தங்கத்துல செஞ்சதா மதினி.”

வெள்ளத்தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் குழாயடியில் பேசவில்லை. மூன்றாம் நாள் கிருபாபாய் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து உள்ளே வந்து, மாடத்திலிருந்த டப்பாவைத் திறந்து, ஒரே நிறத்தில் இருந்த மூன்று மாத்திரைகளை எடுத்துப் போனாள். துணைக்குச் சாப்பிடுகிற இன்னொரு மாத்திரையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? சீக்கிரம் கேட்கட்டும் என்று மூன்றையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஐயாதுரைக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வாசலில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே திருகிக்கொண்டு உட்கார்ந்தார். நாக்கு வெளியே வந்துவிட்டது. கண்கள் வானத்தைப் பார்த்தன. பேசப் போனால் குழறியது. தெருவே கூடியது. யாரோ வேப்பிலை ஒடித்து வந்தார்கள். யாரோ கையைக் கட்டச் சொன்னார்கள். வெள்ளத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வயிற்று மாத்திரை இப்படிச் செய்யும் என்று அவள் நினைக்க வழியே இல்லை.

வேலை முடிந்து வந்த ஞானரத்தினம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஒரு பார்வையிலேயே தன்னுடைய மாத்திரையின் வேலை என்று தெரிந்துகொண்டார். பிறகு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஆட்டோ பிடித்து, ஐயாதுரையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன மாத்திரை, யாருடையது என்பதைச் சொன்னார். ஊசி போட்டார்கள். கால் மணியில் கழுத்து நேரானது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் வீட்டாரிடம் சொல்லி அனுப்பினார்.

ஆனால் தெரு தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பும். ஐயாதுரைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டது. குழாயடியில் வெள்ளத்தாய் வந்தால் பெண்கள் குடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது நாக்கை வெளியே தள்ளிக் கழுத்தைத் திருகிக் காட்டிவிட்டு ஓடின. மில்லில் ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஐயாதுரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். தனக்கு நிஜமாகவே புத்தி கெட்டுவிட்டதோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

கிருபாபாய் டப்பாவை எண்ணிப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தாள். வெள்ளத்தாயைப் பார்க்கையில் பரிதாபமாக இருந்தது. அதற்கும் அடியில், நம் வீடு தப்பித்தது என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு நாள், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய ஞானரத்தினம், “ஐயாதுரை என் பேரைச் சுமந்துக்கிட்டுக் கெடக்கான் கிருபா” என்றார்.

அவளுக்குப் புரிந்தது. “கொஞ்ச நாள் போனா ஊரு மறந்துரும்.”

“அந்தக் கிறுக்கு வீட்டை மறந்துச்சா?”

“நீங்க வெளிய சொன்னா மில்லுல வச்சிருப்பாகளா?”

“மிஷின் பக்கம் விட மாட்டாக.”

“நாளைக்கு ஜாஸ்மினை எவன் வந்து கட்டுவான்? அவளை நெனச்சிப் பாருங்க. உங்க காலைப் புடிச்சிக் கேக்கேன்.”

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். அழுகிறாரோ என்று பார்த்தாள். அழவில்லை. அவர் முடிவு செய்து முடித்துவிட்டுத்தான் அவளிடம் பேசியிருக்கிறார் என்பது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அந்த ஞாயிறு காணிக்கை மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. ஜெபதுரை சீட்டுகளை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு சீட்டை எடுத்தவர் கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு தடவை படித்தார். மடித்தார். அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தார். அவருடைய முப்பது வருஷத்து உபதேசி வேலையில் அப்படிச் செய்தது அது ஒரு தடவைதான்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஞானரத்தினம் எழுந்து நின்றார். “உபதேசியாரே, ஒரு சீட்டு விட்டுப்போச்சு.”

“அது… ஆராதனை முடிஞ்ச பொறவு பேசிக்கிடுவோம், ஞானரத்தினம்.”

“காரணம் எழுதியிருக்கேன். வாசிங்க.”

பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த கிருபாபாய் தரையைப் பார்த்தாள். ஓடிவிடலாமா என்று நினைத்தாள்.  ஜெபதுரை சீட்டைப் பிரித்தார். நடுங்குகிற கையால் எழுதிய எழுத்து. நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“எனக்கு வயிற்றுநோய் இருந்ததில்லை. எனக்கு இருப்பது மனநோய். ஒன்பது வருஷமாக மதுரையில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு வேலை பார்க்கிறேன். ஐயாதுரைக்குக் கழுத்து முறுக்கியது பேயினாலும் அல்ல, கிறுக்கினாலும் அல்ல. என்னுடைய மாத்திரையைத் தெரியாமல் சாப்பிட்டதனால். அவருக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. அவர் பிழைத்ததற்கும், நான் பிழைத்துக் கிடப்பதற்கும் ஸ்தோத்திரம். இப்படிக்கு, ஞானரத்தினம், பிட்டர்.”

வேப்பமரத்து ஸ்பீக்கர் அதைத் தெரு முழுவதும் சொன்னது. சபை ஆமென் சொல்ல மறந்துவிட்டது. யாரோ இருமினார்கள். ஞானரத்தினம் நின்றுகொண்டேயிருந்தார். அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. அவர் யாரையும் முறைக்கவில்லை, யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல் சும்மா நின்றார். கிருபாபாய் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாகத் தன்னோடு குடும்பம் நடத்துகிற மனிதர் இவ்வளவு உயரமா என்று நினைத்தாள். அவமானம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அவமானத்தோடு சேர்ந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெபதுரை அடுத்த சீட்டை எடுத்தார். ஒரு வீட்டில் எருமை ஈன்றிருந்தது.

மறுநாள் காலையில் கீரை வரவில்லை. கிருபாபாயிடம் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணிகளை இரண்டு பேர் அவசரம் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஜாஸ்மினோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அன்று முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டது. மில்லில் மதுரை டாக்டரிடமிருந்து கடிதம் கேட்டார்கள். கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும் அவரை ரிங் பிரேம் பக்கம் விடவில்லை. சாமான் அறையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள். இருபது வருஷம் மிஷினோடு இருந்தவர். அவர் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் பேர் எழுதி ஒட்டினார். வீட்டுக்கு வந்து ஜாஸ்மினிடம், “உனக்கு என்னால சங்கடம்” என்று மட்டும் சொன்னார். பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளத்தாய் ஒரு வாரம் எதிரே வரவில்லை. பிறகு ஒரு நாள் வாசலில் வந்து நின்று, திருடியதைச் சொல்ல வாய் வராமல் சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஐயாதுரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் வந்து நின்று, “ஏலே ஞானம், நேரமாச்சி, வாரியா?” என்றார். இரண்டு சைக்கிளும் தெருவின் முழு நீளத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் போயின.

கிருபாபாய் இதோடு கதை முடிந்தது என்று நினைத்தாள். இழந்தது இவ்வளவு, மிஞ்சியது இவ்வளவு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

சித்திரை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. மில்லில் அவருக்கு விடுமுறை நாள். காலை பதினோரு மணி இருக்கும். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒன்பது வருஷத்தில் அவள் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. கோபமோ பகையோ கிடையாது. அவள் யார் வீட்டுக்கும் போக மாட்டாள், யாரையும் தன் வீட்டுக்குக் கூப்பிடவும் மாட்டாள், அவ்வளவுதான். ஒற்றை மகன் சங்கையா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி அம்மாவுக்குச் சேலை அனுப்புகிறான். அந்தச் சேலையைக் குழாயடியில் வைத்து எல்லோருக்கும் காட்டுவாள். கிருபாபாயும் தொட்டுப் பார்த்து, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

“அண்ணாச்சி இருக்காகளா?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள். அவரைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “மதுரைக்குப் போய் எங்கன எறங்கணும் அண்ணாச்சி? எந்த வாசல் வழியா உள்ள விடுவாக?”

“யாருக்கும்மா?”

அவள் சுவரைக் காட்டினாள். “ஆறு வருசமா உள்ளதான் இருக்கான். திருப்பூருக்கெல்லாம் போகல. சேலை நானே எடுத்ததுதான்.” பிறகு சொன்னாள், “அன்னைக்கு ஏனம் வெளக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர்ல உங்க சீட்டைக் கேட்டேன். ரெண்டு வாரமா வரணும் வரணும்னு இருக்கேன், கால் வரல.”

கிருபாபாய் அந்தச் சுவரைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு பொய்யைக் கட்டிக் காத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அதைவிடப் பெரிய பொய்யைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு ஆள் உயரச் சுவர்தான் நடுவில். இந்தத் தெருவில் இன்னும் எத்தனை சுவர் இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூன்று பேரும் போனார்கள். பின்கட்டில் ஒரு அறை. ஜன்னலில் சாக்குத் தைத்திருந்தது. உள்ளே ஒரு இளைஞன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு வயது. தாடி நெஞ்சுவரை இருந்தது. ஆள் வந்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

ஞானரத்தினம் வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார்.  பிறகு, “அந்தச் சத்தம் ரொம்ப ஏசுதா?” என்று கேட்டார்.

பையன் திரும்பிப் பார்த்தான். ஆறு வருஷத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. “உங்களுக்கும் கேக்குதா?”

“கேக்கும். மாத்திரை போட்டா தூரமாப் போயிரும். முழுசா நிக்கல. இந்தா, இப்பக்கூட லேசா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

கிருபாபாய் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம். ஒரே வீட்டில், ஒரே பாயில். அவள் அவரோடு பேசியபோதெல்லாம், கோயிலில் பாடியபோதெல்லாம், அசனத்தில் தயிர்ச்சோறு தின்றபோதெல்லாம், அன்றைக்குச் சபை நடுவில் எழுந்து நின்றபோதும்கூட, அந்த ஏச்சு அவர் காதில் ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இந்த மனிதர் பேரிங் மாற்றினார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசாமல் இருந்தார். தனக்குத் தெரிந்த எந்தத் தைரியமும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது.

“எது நெசம், எது பொய்யின்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் பையன்.

“மிஷின்ல நான் கண்டுபுடிச்ச வழி ஒண்ணு இருக்கு. சத்தம் கேட்டா, அது வாற எடத்துல கைய வைப்பேன். நெசமான சத்தம்னா கையில அதிரும். அதிரலன்னா அது நமக்குள்ள வந்த சத்தம். போட்டும்னு விட்டுருவேன்.” அவர் தரையில் நகர்ந்து அவன் பக்கத்தில் போனார். “கையக் குடு.”

பையன் காதிலிருந்து ஒரு கையை மெதுவாக எடுத்தான். ஞானரத்தினம் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“என் பேரு ஞானரத்தினம். நான் பக்கத்து வீட்டுக்காரன். வார செவ்வாக்கெழம ரெண்டு பேரும் மதுரைக்குப் போறோம். அதிருதா?”

சங்கையா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். “அதிருது” என்றான். ஆவுடையம்மாள் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் மற்றக் கையையும் காதிலிருந்து எடுத்து, அதையும் அவர் நெஞ்சில் வைத்தான்.

“இன்னும் செத்த நேரம் பேசுங்க” என்றான்.